வாள்மீனின் உணவும் வேட்டையும்

பெரிய மீன் சிறிய மீனை விழுங்குதலை மச்ச நியாயம் என்பர் வடநூலார். இந்நியாயத்தின் உச்சியில் நிற்கும் மீன்களுள் வாள்மீனும் ஒன்று. இலங்கையைச் சூழ்ந்த ஆழ்கடலிலும் இது வாழ்கின்றது. 1953ஆம் ஆண்டிற் சிலி நாட்டுக் கடலிலே தூண்டிலில் அகப்பட்ட வாள்மீனொன்று 536 கிலோகிராம் நிறையுடையதாயிருந்தது. இத்துணைப் பேருடலை வளர்க்கும் உணவு யாது?

குஞ்சுப் பருவத்தில் வாள்மீன் நீரில் மிதக்கும் சிற்றுயிர்களை உண்ணும். சற்று வளர்ந்ததும் பிற மீன்குஞ்சுகளைத் தின்னும். அப்பருவத்திலுள்ள பற்கள் முதிர்ந்த மீனுக்கு இல்லை. பல்லின் பணியை வாள்போல் நீண்ட மேற்றாடையே செய்கின்றது. அதனை இருபுறமும் வீசி இரையை வெட்டி வீழ்த்தும். சிறிய இரையை முழுதாகவே விழுங்கும். வாள்மீனின் வயிற்றிற் கண்டெடுத்த கணவாய்களில் வெட்டுக்காயங்கள் காணப்பட்டமை இதற்குச் சான்றாகும்.

கணவாயும் ஆழ்கடல் மீன்களும் இதன் சிறப்புணவு. இவற்றுட் பல பகலில் ஆழத்தே மறைந்து, இரவில் மேலெழுவன. வாள்மீனும் அவற்றைப் பின்தொடர்ந்து பகலில் 500 மீற்றருக்கும் கீழே செல்லும். ஆங்கு ஒளி மிகக் குறைவு, குளிரோ மிகுதி. குளிர்ந்த கண் விரைவாகக் காணாது. ஆதலின் இயற்கை ஒரு வழி செய்துள்ளது. கண்ணை அசைக்கும் தசைகளுள் ஒன்று மாற்றமுற்று, மூளைக்கும் கண்ணுக்கும் வெப்பமூட்டும் அடுப்பாக அமைந்திருத்தலை பிரான்சிஸ் கேரி என்னும் அறிஞர் 1982ஆம் ஆண்டில் வெளியிட்டார். இவ்வெப்பத்தினால் விழித்திரை விரைந்த அசைவுகளைப் பத்து மடங்குக்கு மேல் தெளிவாகப் பகுத்தறியும் என்பதை 2005ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று.

எனினும், இவ்வுணவு முறையில் ஒரு தீங்கும் உண்டு. நிலக்கரியை எரிப்பதனால் வளியிற் கலக்கும் இரசம் கடலில் வீழ்ந்து, நுண்கிருமிகளால் நச்சுச் சேர்வையாக மாறுகின்றது. சிற்றுயிரினின்று சிறுமீனுக்கும், சிறுமீனினின்று பெருமீனுக்கும் செல்லுந்தோறும் அந்நஞ்சு செறிவடைகின்றது. 1971ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு வாள்மீனை உண்ணாதிருக்குமாறு தன் மக்களுக்கு அறிவுறுத்தியது. கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் அன்னையரும் சிறுவரும் அதனைத் தவிர்க்குமாறு இன்றும் அங்கே கூறப்படுகின்றது.

மச்ச நியாயம் கடலோடு முடிவதன்று. பெரிய மீனை உண்ணும் மனிதனே அதன் இறுதிக் கண்ணி. அவன் புகைபோக்கி வழியே வானில் விடுத்த நஞ்சு, கடலைச் சுற்றி அவன் உண்கலத்திற்கே மீள்கின்றது. இதனை மாணவர் சிந்திப்பாராக.