செத்ததாகச் சொன்ன போர்டு கண் சிமிட்டுகிறது!

வீட்டில் மைக்ரோகன்ட்ரோலர் பழகும் நியூக்ளியோ-64 போர்டு இருக்கிறதா? ஒரு பூதக்கண்ணாடியோடு எடுத்து வாருங்கள். நடுவில் இருக்கும் கறுப்புச் சதுரச் சிப்பின் முதுகில், பொடி எழுத்தில் ‘எம்ஒய்எஸ்’ என்று இருந்தால் கைதட்டலாம். அது மலேசியாவில் உருவான சிப். நம் ஜொகூர்ப் பிள்ளை! மூவாரின் தஞ்சோங் அகாஸில், இந்தச் சிப்பைத் தயாரிக்கும் எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் சிலிக்கான் தகடுகளை அங்கே துண்டு துண்டாக அறுத்து, மயிரிழைக் கம்பி இழுத்து, கறுப்பு உறை போட்டு, சோதித்து அனுப்புகிறார்கள். 2021 ஆகஸ்டில் கோவிட் தொற்றால் மூவாரில் வேலை தடைப்பட்டதும் சீனாவில் கார் உற்பத்தியே தடுமாறியது. நம்ம மூவார்தான், ஓத்தாக்-ஓத்தாக் வாங்கப் போகிறோமே, அதே மூவார்!

சரி, இப்போது அந்தப் போர்டு ‘செத்துப்போகும்’ கதைக்கு வருவோம்.

இறுதியாண்டு புராஜெக்ட் சமர்ப்பிக்க நாள் நெருங்கும் நேரத்தில்தான் கணினித் திரையில் அந்தச் சின்னப் பெட்டி வரும்: ‘எஸ்டி-லிங்க் ஃபர்ம்வேர் பழையது, புதுப்பிக்கவும்.’ மாணவர் அழுத்துகிறார். பாதி வழியில் கேபிள் அசைகிறது, அல்லது யுஎஸ்பி ஹப் சொதப்புகிறது. அவ்வளவுதான். கணினிக்குப் போர்டே தெரியவில்லை. பவர் விளக்கும் எரியவில்லை. ‘செத்துப் போச்சு’ என்று குப்பைக் கூடையைப் பார்க்கிறார்கள்.

அங்கேதான் நான் கத்த வேண்டியிருக்கிறது: நிறுத்துங்கள்!

ஏனென்றால் அந்தப் போர்டில் இருப்பது ஒரு மைக்ரோகன்ட்ரோலர் அல்ல, இரண்டு. யுஎஸ்பி வாய்க்குப் பக்கத்தில், வெட்டி எடுக்கும்படி கோடு போட்ட மேல் துண்டில் ஒரு எஸ்டிஎம்32எஃப்103 இருக்கிறது. அதுதான் எஸ்டி-லிங்க். கணினியிலிருந்து உங்கள் நிரலை வாங்கி முக்கியச் சிப்புக்குள் எழுதும் தூதர். புதுப்பிப்பில் அடிபட்டது தூதர் மட்டுமே. கீழே இருப்பவருக்கு ஒரு கீறலும் இல்லை.

பிறகு ஏன் பவர் விளக்குகூட அணைந்தது? எனக்கு இதில் பிடித்த இடமே இதுதான். நியூக்ளியோ-64 போர்டில் யுஎஸ்பி மின்சாரம் நேராகக் கீழே போவதில்லை. எஸ்டி-லிங்க் முதலில் கணினியிடம் அனுமதி கேட்கும். கிடைத்த பிறகே கதவைத் திறந்துவிடும். தூதர் மயங்கிக் கிடந்தால் கதவு மூடியே இருக்கும். பசியில் கிடப்பவரைப் பார்த்துவிட்டுச் சாவு என்று முடிவு கட்டுகிறோம்!

சோதித்துப் பார்க்கலாமா? ஜேபி1 ஜம்பரைக் கழற்றுங்கள். ஜேபி5 ஜம்பரை யு5வி பக்கத்திலிருந்து இ5வி பக்கத்துக்கு மாற்றுங்கள். விஐஎன் முனையில் 7 முதல் 12 வோல்ட்டுக்குள் வெளி மின்சாரம் கொடுங்கள். சிவப்புப் பவர் விளக்கான எல்டி3 பளிச்சென்று எரியும். உள்ளே இருந்தது விளக்கைச் சிமிட்டும் நிரல் என்றால், எல்டி2 ஒன்றுமே நடக்காதது போல் சிமிட்டத் தொடங்கும். அடடா, அந்தப் பச்சைப் புள்ளி! நிரல் வெளிக் கடிகாரத் துடிப்பை நம்பியிருந்தால் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம்; வழக்கமாக அந்தத் துடிப்பைத் தருவதும் எஸ்டி-லிங்க்தான்.

இனி தூதரைக் கவனிப்போம். புதுப்பிப்பு பாதியில் அறுந்தாலும் எஸ்டி-லிங்க் சிப்புக்குள் இருக்கும் பூட்லோடர் என்ற தொடக்க நிரல் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். கேபிளைப் பிடுங்கி, வேறு நல்ல கேபிளால் கணினியின் சொந்த யுஎஸ்பி வாயில் நேராகச் செருகி, எஸ்டி நிறுவனத்தின் புதுப்பிப்பு மென்பொருளை மறுபடி ஓட்டுங்கள். நிறைய போர்டுகள் இதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்.

எழவில்லையா? நண்பரின் நல்ல நியூக்ளியோவைக் கடன் வாங்குங்கள். அதில் சிஎன்2 ஜம்பர்கள் இரண்டையும் கழற்றினால் அதன் எஸ்டி-லிங்க் பக்கத்துப் போர்டுக்கு வேலை செய்யத் தயார். உங்கள் போர்டிலும் அதே ஜம்பர்களைக் கழற்றிவிடுங்கள். நல்ல போர்டின் சிஎன்4-இல் முதல் ஊசி மின்னழுத்த அளவு, இரண்டாவது கடிகாரம், மூன்றாவது கிரவுண்ட், நான்காவது தரவு, ஐந்தாவது ரீசெட். கடிகாரத்தை உங்கள் போர்டின் பிஏ14-க்கும் தரவை பிஏ13-க்கும், மற்றவற்றை அதனதன் இடத்துக்கும் இழுத்துவிட்டால் நிரல் ஏறும். நல்ல போர்டின் எல்டி1 சிவப்பும் பச்சையுமாக மாறி மாறித் துடிக்கும்போது அறையே திருவிழாவாகும்.

மென்பொருளில் ஒரே ஒரு பொத்தானை மட்டும் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். எஸ்டி-லிங்க் சிப்பின் வாசிப்புப் பாதுகாப்பை நீக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பூட்லோடரும் சேர்த்து. அந்தப் பூட்லோடரை எஸ்டி தனியாகப் பொதுவில் தருவதில்லை. தூதரை உண்மையாகவே கொல்வது அந்த அழுத்தம்தான்.

ஸ்கூடாயிலோ பத்து பஹாட்டிலோ ஆய்வுக்கூட அலமாரியில் ‘கெட்டது’ என்று ஒட்டுத்தாள் ஒட்டிய நியூக்ளியோ பெட்டி கண்ணில் பட்டால், இன்றே திறந்து ஒவ்வொன்றுக்கும் வெளி மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்.