சிப்பந்திகளின் பயிற்சி நாள்

நல்ல விதையும் ஏற்ற பருவமும் வாய்த்தபோதிலும், நடுகின்ற கை பழகாத கையாயிருப்பின் பயிர் சீராக அமையாது என்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். விவசாய இலாகாவின் வேலையும் அத்தகையதே. ஆராய்ச்சி நிலையத்தில் கண்ட முறை எவ்வளவு சிறந்ததாயினும், அதைக் கிராமத்திற்குக் கொண்டு செல்லும் சிப்பந்தி தன் கையால் செய்தறியாவிடில், அது காகிதத்திலேயே நின்றுவிடும். ஆகையால், சிப்பந்திகளை ஊக்கமும் திறமையும் உள்ள ஒரு குழுவாக ஆக்கும் பொருட்டுப் பயிற்சி நாளை நடத்தவேண்டிய முறையை இங்கே விவரிப்போம்.

இவ்விஷயத்தில் நம் நாட்டிற்கு முன் அநுபவம் உண்டு. இஸ்ரேல் தேசத்து நிபுணரான டேனியல் பெனோர் என்பவர் வகுத்த 'பயிற்சியும் பார்வையிடலும்' என்னும் முறை, உலக வங்கியின் உதவியுடன் 1974-ல் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய ராஜ்யங்களின் சம்பல் பாசனப் பகுதிகளிலும், 1981-ல் தமிழ்நாட்டிலும் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு கிராமச் சிப்பந்தியின் எல்லையும் 8 பிரிவுகளாக வகுக்கப்பட்டது. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை, குறித்த நாளில் அவர் ஒவ்வொரு பிரிவுக்கும் சென்றார். அதே காலத்திற்குள் ஒரு முழு நாள் அவருக்குப் பயிற்சிக்கென்றே ஒதுக்கப்பட்டது. அடுத்த இரு வாரங்களில் வயலில் செய்யவேண்டியவை எவையோ, அவை மாத்திரமே அன்று கற்பிக்கப்பட்டன.

இம்முறையால் சிப்பந்திகளுக்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. எனினும், செலவு மிகுந்தமையாலும், இடத்திற்கேற்ப மாறாத செய்திகளே பருவந்தோறும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டமையாலும், வெளியுதவி நின்றபின் பல ராஜ்யங்களில் இது தளர்ந்தது. குடியானவர் கேட்கும் கேள்விக்கு விடை கிட்டாத பயிற்சியில் சிப்பந்திக்கும் சிரத்தை குன்றிவிடும் என்பதே இதனால் நாம் அறியும் பாடம்.

இதை என் சொந்தத் தவறு ஒன்றினாலும் கற்றேன். வேலையில் அமர்ந்த புதிதில், உப்புக் கரைசலில் நெல் விதையைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டு, பயிற்சி முடிந்தது என்று எண்ணிவிட்டேன். என் உதவியாளர் ஒருவர் அதை ஒரு குடியானவருக்குச் சொல்லியபோது, தேர்ந்த விதையை நல்ல தண்ணீரில் கழுவவேண்டும் என்பதைக் கூற மறந்தார். உப்பு தங்கிய விதை சரியாக முளைக்கவில்லை. அந்தக் குடியானவர் மறுபடியும் விதை வாங்கி நாற்றுவிட நேர்ந்தது, நடவும் பின்தங்கியது. உதவியாளர் வெட்கத்தால் பல நாட்கள் அவ்வூர்ப் பக்கமே செல்லாதிருந்தார். குற்றம் அவருடையதன்று, செய்து பார்க்கவிடாமல் சொல்லி மாத்திரம் விட்ட என்னுடையதே.

அடுத்த பயிற்சி நாளில் கரும்பலகையை விட்டு, ஒரு தொட்டியில் 10 லிட்டர் தண்ணீரும், உப்பும், புதிய கோழிமுட்டை ஒன்றும் வைத்தேன். முதலில் முட்டை அடியில் அமிழ்ந்து கிடந்தது. உப்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கவே அது எழும்பி, ஒரு நாணயத்தின் அளவு மேலே தெரியும்படி மிதந்தது. அக்கரைசலில் நெல்லைக் கொட்டியதும் பதரும் அரைமணியும் மேலே வந்தன. கனத்த மணிகள் அடியில் தங்கின. மிதந்தவற்றை அகற்றி, தங்கியவற்றை இரண்டு மூன்று முறை கழுவி எடுத்தோம். பின்னர் ஒவ்வொருவரும் தாமே அதைச் செய்து, செய்யும்போதே காரணத்தையும் வாய்விட்டுச் சொன்னார்கள். அவ்வுதவியாளர் பிற்பாடு அதே குடியானவரின் களத்தில் அதைச் செய்து காட்டினார். நானும் உடன் சென்று, ஒரு வார்த்தையும் பேசாது ஓரமாக நின்றேன்.

ஆகவே, பயிற்சி நாளை நடத்துவோர் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்:

1. ஒரு நாளில் இரண்டு மூன்று விஷயங்களுக்கு மேல் கற்பிக்கலாகாது. அவை வரும் நாட்களின் வயல் வேலைக்கு உரியனவாயிருக்கவேண்டும்.

2. காலையில் முதல் ஒரு மணி நேரம் சிப்பந்திகளே பேசட்டும். குடியானவர் கேட்டு, தங்களால் விடை கூற முடியாத கேள்விகளை அவர்கள் கூச்சமின்றிச் சொல்லவேண்டும்.

3. முதலில் செய்து காட்டுக. பின்னர் ஒவ்வொருவரையும் செய்யச் சொல்லுக. பிழையை அங்கேயே திருத்துக.

4. கணக்குக் கேட்பதும் கண்டிப்பதும் வேறு நாளில் ஆகுக. பயந்தவன் தன் ஐயத்தை மறைப்பான். மறைத்த ஐயம் குடியானவரின் வயலில் நஷ்டமாக வெளிப்படும்.

5. நன்கு செய்தவரையே அடுத்த முறை மற்றவர்களுக்குக் கற்பிக்கும்படி அமர்த்துக. அதனினும் பெரிய மரியாதை சிப்பந்திக்கு வேறில்லை.

6. பயிற்சிக்குப்பின் சில நாட்களுக்குள் அவருடைய கிராமத்திற்குச் சென்று பார்வையிடுக.

இவற்றிற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒரு தொட்டியும், ஒரு படி விதையும், பொறுமையும் இருந்தால் போதும். நாற்றங்காலில் காட்டும் கவனம் நடவு வயலில் விளைச்சலாகத் தெரிவதுபோல், சிப்பந்திகளிடம் செலவிடும் ஒரு நாளின் பயன் குடியானவரின் களஞ்சியத்தில் வந்து சேரும்.