பேத்தி வளர்த்த துறவி நண்டு

நாய் வளர்ப்பார்கள், பூனை வளர்ப்பார்கள், கிளி வளர்ப்பார்கள். நண்டு வளர்ப்பார்களோ? "நண்டா! குழம்பு வைக்கத்தானே?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் கேட்டேன். அதற்காக என் ஏழு வயதுப் பேத்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை!

என் மகளுக்கு இரண்டாவது பிரசவம். கூடமாட ஒத்தாசையாக இருக்கலாம் என்று ஆகஸ்ட் மாதம் அமெரிக்கா போயிருந்தேன். நியூ ஜெர்சியில் வீடு. தம்பிப் பாப்பா வரப் போகிறது என்றதும் மூத்தவள் கொஞ்சம் ஏங்கிப் போயிருந்தாள். அவளைக் குஷிப்படுத்த ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை எங்களை வைல்ட்வுட் கடற்கரைக்கு அழைத்துப் போனார். கடலை ஒட்டி இரண்டு மைலுக்கு மேல் பலகை பாவிய நடைபாதை. அதன் ஓரமாக வரிசையாகக் கடைகள். நம் மெரினாவில் சுண்டலும் பஜ்ஜியும் என்றால் அங்கே பீட்ஸாவும் பஞ்சு மிட்டாயும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு கடை வாசலில் கம்பிக் கூண்டுக்குள் கலர் கலராகச் சங்குகள் குவிந்து கிடந்தன. பார்த்துக் கொண்டிருக்கும்போதே ஒரு சங்குக்குக் கால் முளைத்து நடந்தது! "கூண்டுக்குத்தான் காசு, நண்டு இனாம்" என்றான் கடைக்காரப் பையன். தினம் துளி தண்ணீர், ஒரு சிட்டிகை தீனி, அவ்வளவு போதுமாம். பேத்தி இரண்டைப் பொறுக்கினாள். கால்பந்து மாதிரி வர்ணம் பூசிய கூட்டில் இருந்தது 'பந்து'. சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்தது 'புள்ளி'. போகிற வழியிலேயே பெயர் சூட்டு விழாவும் முடிந்து விட்டது.

இதற்குத் துறவி நண்டு என்று பெயர். சாதாரண நண்டுக்கு உடம்பு முழுக்கக் கெட்டி ஓடு உண்டு. இதற்கு முன்பக்கம்தான் கெட்டி. வயிறு வெறும் மெத்தென்ற சதை, கொக்கி மாதிரி வளைந்திருக்கும். அதைக் காப்பாற்றிக் கொள்ள, செத்துப் போன நத்தையின் காலிக் கூட்டுக்குள் புகுந்து கொண்டு, வீட்டைச் சுமந்தபடியே திரியும். உடம்பு பெருக்கப் பெருக்கப் பெரிய வீடாகப் பார்த்துக் குடி மாறும். ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் ஐவன் சேஸ் என்ற பேராசிரியர் இந்தக் குடிமாற்றத்தையே ஆராய்ச்சி செய்திருக்கிறார். ஒரு பெரிய காலிக் கூடு கிடைத்தால் ஒரு நண்டு அதற்குள் போகும். அது விட்ட வீட்டுக்கு அடுத்தது, அது விட்டதற்கு அதைவிடச் சின்னது என்று வரிசையாக நடக்குமாம். வாடகை வீட்டுக்கு அலைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும்!

கடையில் விற்பவை கரீபியன் தீவுகளின் கரையில் வாழும் தரை நண்டுகள். குஞ்சுப் பருவத்தைக் கடலில் கழித்துவிட்டுத்தான் தரைக்கு ஏறும். அதனால் வீட்டில் குஞ்சு எடுத்து வளர்ப்பது மிகமிக அபூர்வம். கடைக்கு வருகிறவை எல்லாம் அநேகமாகக் கரையிலிருந்து பிடித்து வந்தவையே. ஒழுங்காகப் பார்த்துக் கொண்டால் முப்பது வருஷம்கூட இருக்குமாம். ஆனால் வாங்கிப் போன சில மாதங்களிலேயே பெரும்பாலும் செத்துப் போகின்றன. ஏன் என்று நாங்கள் கஷ்டப்பட்டுத் தெரிந்து கொண்டோம்.

செப்டம்பரில் பேரன் பிறந்தான். அந்த அமர்க்களத்தில் நண்டுகளை யாரும் கவனிக்கவில்லை. பேத்தி மட்டும் தினமும் தண்ணீர் வைப்பாள். அக்டோபர் பிறந்ததும் குளிர் ஆரம்பித்தது. வீடு முழுக்க ஹீட்டர். நம் கடலோர ஊர்களில் காற்றே பிசுபிசுவென்று இருக்கும். அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் உதடு வெடிக்கிறது, தலை வாரினால் சீப்பில் பொறி பறக்கிறது. அவ்வளவு வறட்சி! "பாவம், வெயில் தேசத்துப் பிராணி" என்று மாப்பிள்ளை ஒரு சூடு பல்பு வாங்கி வந்து கூண்டுக்கு மேல் மாட்டினார். "விடிய விடிய எரியட்டும் மாப்பிள்ளை, ராத்திரிதானே குளிர் ஜாஸ்தி" என்று சொன்னது நான்தான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பத்து நாளில் இரண்டும் மூலையில் ஒடுங்கி விட்டன. காலையில் வைத்த தண்ணீர் மாலைக்குள் காய்ந்து போகும். நவம்பர் கடைசியில் ஒரு நாள் பந்து, கூட்டை விட்டுப் பாதி வெளியே வந்து துவண்டு கிடந்தது. மறுநாள் காலையில் கூடம் முழுக்க அழுகின மீன் நாற்றம்.

பேத்தி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ராத்திரி படுத்த பிறகு, "பாட்டி, நான் ஒழுங்கா பாத்துக்கலையா?" என்று மட்டும் கேட்டாள். என்ன பதில் சொல்வது? "உனக்குத் தெரியாதுடா கண்ணு, எங்களுக்கும் தெரியலை" என்றேன்.

அன்று இரவு பால் கொடுத்துக் கொண்டே என் மகள் நண்டு வளர்ப்பு பற்றிப் படித்துக் கொண்டிருந்தாள். "அம்மா, இது தரையில இருந்தாலும் மூச்சு விடறது செவுளாலதானாம்மா! செவுள் ஈரமா இருந்தாத்தான் காத்தையே இழுக்க முடியுமாம். நாம பல்பு போட்டு அதைக் காய வெச்சே கொன்னுட்டோம்!" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்து விட்டது. தண்ணீரில் மூச்சு முட்டுவதைக் கேட்டிருக்கிறோம். காற்றில் மூச்சு முட்டிச் சாகிற பிராணியைப் பற்றி அன்றுதான் தெரிந்து கொண்டேன். இதற்குக் காற்றில் ஈரப்பதம் 80 சதவிகிதம் வேண்டுமாம். கம்பிக் கூண்டில் அது எப்படி நிற்கும்?

மறுநாளே கூண்டு குப்பைக்குப் போயிற்று. பழைய மீன் தொட்டி ஒன்று வந்தது. கண்ணாடித் தொட்டி, மேலே கண்ணாடி மூடி. உள்ளே சூடும் ஈரமும் காட்டுகிற சின்னக் கருவி ஒன்று. ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தேங்காய் நார்த் தூள் கலந்து, ஒரு சாணுக்குக் குறையாமல் நிரப்பினோம். (நார்த் தூள் பொட்டலத்தில் 'இந்தியாவில் தயாரானது' என்று போட்டிருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துச் சரக்கோ என்னவோ, எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது!) கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல் பிடிபட வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் ஈரம். மாவு பிசைந்த கைகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது விளக்கு விஷயம். இங்கேதான் நாங்கள் இரண்டு தப்பு செய்திருந்தோம். வெளிச்சமும் சூடும் ஒன்று என்று நினைத்தது முதல் தப்பு. இதற்குச் சூடு வேண்டும், 24 டிகிரியிலிருந்து 29 டிகிரி சென்டிகிரேடு வரை. ஆனால் தலைக்கு மேல் எரிகிற சூடு பல்பு, சூட்டோடு சேர்த்து ஈரத்தையும் உறிஞ்சி விடும். சூட்டுக்கு மின்சாரச் சூட்டுத் தாள் இருக்கிறது. அதைத் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில், வெளியே, மணல் மட்டத்துக்கு மேலே ஒட்ட வேண்டும். அடியில் வைக்கவே கூடாது. மணலுக்குள் புதைந்திருக்கும் நண்டு வெந்து போகும்! சூடு அளவு மீறாமல் தானாக நிறுத்துகிற கருவியும் அதோடு வேண்டும். வெளிச்சத்துக்கு, சூடு தராத சின்ன எல்.ஈ.டி. விளக்கு போதும். மூடிக்கு மேல் வைத்தால் சரி.

இரண்டாவது தப்பு, இரவையே இல்லாமல் செய்தது. துறவி நண்டு ராத்திரி ராஜா. பகலில் எங்காவது பதுங்கிக் கிடக்கும். இருட்டினால்தான் மேயும், ஏறும், தண்ணீர் குடிக்கும், வீடு மாற்றும். வெளிச்சம் அடங்குவதுதான் அதற்கு மணி அடித்த மாதிரி. நாங்களோ மாதக் கணக்கில் விடிய விடிய பல்பு எரித்தோம். இதன் சொந்த ஊர் வெப்ப மண்டலம். அங்கே வருஷம் பூராவும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். அதனால் 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்பது கணக்கு. நியூ ஜெர்சியில் டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டி விடும், அதை நம்பிப் பயனில்லை. மாப்பிள்ளை விளக்குக்கு ஒரு டைமர் மாட்டினார். காலை ஏழுக்கு ஏற்றி, மாலை ஏழுக்கு அணைக்கும்.

"எதுக்கு இவ்வளவு செலவு? ஜன்னலோரமா வெச்சா வெயில் படுமே" என்று நான் குறுக்கே விழுந்தேன். மகள் முறைத்தாள். "அம்மா, கண்ணாடிக்குள்ள வெயில் பட்டா அடுப்பு மாதிரி ஆயிடும்!" பூட்டின காருக்குள் மே மாதம் உட்கார்ந்த எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இரவில் பார்ப்பதற்கென்று சிவப்பு பல்பு, நீல பல்பு என்றெல்லாம் விற்கிறார்கள். வாங்காதீர்கள். இரவென்றால் இருட்டு. அவசியம் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து அறை விளக்கின் மங்கலில் பார்த்தால் போதும். பகலிலும் அது ஒளிய ஒரு இடம் வேண்டும். பாதித் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, ஒரு வாசல் வெட்டி வைத்தாள் பேத்தி.

இதையெல்லாம் கேட்ட பிறகு என் மகளுக்கு இன்னொன்றும் உறைத்தது. பேரன் ராத்திரியெல்லாம் முழித்து, பகலெல்லாம் தூங்கிக் கொண்டிருந்தான். நாங்களோ ஒவ்வொரு தடவை பால் கொடுக்கவும் பெரிய விளக்கைப் போட்டு, கொஞ்சிப் பேசிக் கொண்டிருந்தோம். பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்களுக்கு இரவு பகல் தெரியாது. பகலில் ஜன்னலைத் திறந்து நல்ல வெளிச்சம், இரவில் ஒரு மங்கல் விளக்கு, பேச்சு மூச்சில்லாமல் பால், ஈரத் துணி மாற்றல் என்று பழக்கினால் மெள்ள மெள்ளப் பிடிபட்டு விடும். நண்டுக்குப் பார்த்த வைத்தியம் குழந்தைக்கும் ஆயிற்று. மூன்று வாரத்தில் எனக்கும் கொஞ்சம் தூக்கம் கிடைத்தது!

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். தண்ணீர் இரண்டு கிண்ணம். ஒன்று நல்ல தண்ணீர், ஒன்று உப்புத் தண்ணீர். சமையல் உப்பு கூடாது. மீன் தொட்டிக் கடையில் கடல் உப்பு என்றே தனியாக விற்கிறது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் ஆகாது. அதை முறிக்கிற மருந்தும் அங்கேயே கிடைக்கும். கிண்ணத்தில் கூழாங்கல் போட்டு வைத்தால் ஏறி வெளியே வரும், இல்லாவிட்டால் முழுகிப் போகும். தீனிக்குத் தேங்காய்ச் சில், பழத் துண்டு, வெந்த முட்டை, பொடித்த முட்டை ஓடு. உப்பு, காரம், எண்ணெய் கிட்டவே வரக் கூடாது. வீட்டில் கரப்பான் மருந்து, கொசு மருந்து அடிக்கிறவர்கள் இந்தப் பக்கம் வராதீர்கள், பூச்சியைக் கொல்வது நண்டையும் கொல்லும். வர்ணம் பூசாத காலிக் கூடுகள் மூன்று நாலு, ஒன்றைவிட ஒன்று சற்றுப் பெரிதாக, வாய் வட்டமாகப் பார்த்துப் போட வேண்டும். பூசிய வர்ணம் உரிந்து வயிற்றுக்குள் போகும். தொட்டால் குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும்.

எல்லாம் செய்து முடித்த நாலாம் நாள், புள்ளி காணாமல் போயிற்று!

மூடி மூடியபடி இருக்கிறது. நண்டு இல்லை. மணலுக்குள்தான் போயிருக்க வேண்டும். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. "செத்துத்தான் போயிருக்கும், குழந்தை பார்க்கறதுக்கு முன்னாடி எடுத்துப் போட்டுடலாம்" என்று ஒரு நாள் நான் கரண்டியோடு போய் விட்டேன். பேத்தி ஓடி வந்து கையைப் பிடித்துக் கொண்டாள். "தோலுரிக்குது பாட்டி! தோண்டினா செத்துடும்!" அம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறாள். விஷயம் உண்மைதான். வளர்கிற நண்டு மணலுக்குள் இருட்டில் புதைந்து, பழைய ஓட்டைக் கழற்றும். புது ஓடு மெத்தென்று இருக்கும். கழற்றின ஓட்டைத் தானே தின்று, அந்தச் சுண்ணாம்புச் சத்தால் கெட்டிப்படும். நாலிலிருந்து எட்டு வாரம் ஆகும், பெரிய நண்டுக்கு இன்னும் அதிகம். ஒடிந்த கால்கூட முளைத்து வருமாம். செத்ததா இல்லையா என்று மூக்குதான் சொல்ல வேண்டும். செத்தால் நாற்றம் தொட்டிக்குள் நிற்காது. மேலே வெறும் நண்டு மாதிரி கிடந்து, எடுத்தால் காகிதமாய்க் கனமில்லாமல் இருந்தால், அது உரித்த சட்டை. எத்தனை பேர் உயிரோடிருக்கும் நண்டைத் தோண்டிக் கொன்றிருப்பார்களோ! நானே கரண்டியோடு போனவள்தானே.

நம் ஊர் வாசகியர் இதை வளர்க்க ஆசைப்பட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நம் கடற்கரைகளிலேயே துறவி நண்டுகள் இருக்கின்றன, மாலை மங்கினதும் குழந்தைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். ஜப்பானில் 1970-லேயே இதை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்துக் காப்பாற்றுகிறார்கள். ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று போனால் கரையில் கிடக்கும் சங்கு, சோழியை மடியில் கட்டிக் கொண்டு வருவது நமக்கு வழக்கம். அவை இந்த நண்டுகள் குடியேற வேண்டிய வீடுகள். வீடு கிடைக்காமல் பாட்டில் மூடிக்குள் உடம்பை நுழைத்துக் கொண்டு திரியும் நண்டுகளின் படத்தை மகள் காட்டினாள். அப்புறம் நான் ஊரில் கண்ணாடி பீரோவில் அடுக்கி வைத்திருக்கும் சங்குகளை நினைத்துக் கொண்டேன்.

ஜனவரி கடைசி. ஊர் திரும்ப இன்னும் ஐந்து நாள். பேரன் முழித்துக் கொண்டான் என்று இரவு இரண்டு மணிக்கு எழுந்தேன். கூடத்தில் 'டொக், டொக்' என்று சத்தம். எலியோ என்று நின்றேன். சமையலறை விளக்கின் மங்கலில் தொட்டிக்குள் ஏதோ நகர்ந்தது. புள்ளி! கத்திரிப்பூ நிறத்துப் பெரிய இடுக்கி பளபளக்க, தேங்காய்ச் சில்லைக் கிள்ளிக் கிள்ளித் தின்று கொண்டிருந்தது. சிவப்பு வர்ணக் கூடு தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்தது. நாங்கள் போட்டு வைத்த வெள்ளைக் கூடுகளில் ஒன்றுக்குக் குடி மாறி விட்டது.

ஓடிப் போய்ப் பேத்தியை எழுப்பினேன். போர்வையோடு வந்தாள். நன்றாகப் பார்க்கட்டுமே என்று சுவரில் ஸ்விட்சைத் தேடினேன்.

"உஷ்! லைட் போடாதீங்க பாட்டி!" என்றாள் பேத்தி. இருட்டிலேயே இருவரும் தரையில் உட்கார்ந்து கொண்டோம்.