மாதுளை: நிறையா, நிறமா, சுவையா?

அல்குர்ஆனில் மாதுளை மூன்று இடங்களில் வருகிறது. இரண்டு ஸூரத்துல் அன்ஆமிலும் ஒன்று ஸூரத்துர் ரஹ்மானிலும். அன்ஆமின் 99ஆம் வசனம் கனிகளில் ஒத்தவையும் ஒவ்வாதவையும் இருப்பதைக் கூறி, அவை காய்ப்பதையும் கனிவதையும் உற்றுநோக்கும்படி பணிக்கிறது. அப்படி நோக்கினால், ஒன்றுபோலத் தோன்றும் மாதுளைகளுக்குள்ளும் பல வேறுபாடுகள் உண்டு.

கடையில் நாம் பார்ப்பது தோலின் சிவப்பையும் பழத்தின் பருமனையுமே. இரண்டும் ஏமாற்றலாம். உண்ணக்கூடியது உள்ளேயுள்ள முத்துகள் மட்டுமே. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு மரத்தில் 300 கிராம் பழங்கள் 60. மொத்தம் 18 கிலோகிராம். பாதி தோலும் சவ்வும் என்றால் உண்பதற்கு மிஞ்சுவது 9 கிலோகிராம். இன்னொரு மரத்தில் 250 கிராம் பழங்கள் 60. மொத்தம் 15 கிலோகிராம்தான். ஆனால் அதில் 65 வீதம் முத்துகள் என்றால் 9.75 கிலோகிராம் கிடைக்கிறது. நிறை குறைந்த மரமே கூடுதலாகத் தருகிறது! இத்துடன் இனிப்பு, புளிப்பு, முத்தின் நிறம், விதையின் மென்மை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஒப்பிடும் மரங்கள் ஒரே வயதினவாக, ஒரே மண்ணில் நிற்பதும் அவசியம். இல்லையேல் நாம் அளப்பது இனத்தையல்ல, பசளையையும் நீரையுமே.

எல்லா நற்குணங்களும் ஓரினத்தில் அமைவது அரிது. இந்தியாவின் மகாராஷ்டிராவில் 1936இல் கலாநிதி சீமா தெரிந்தெடுத்த ‘கணேஷ்’ இனம் இனிப்பானது, மென்மையான விதையுடையது. ஆனால் முத்துகள் வெளிறிய இளஞ்சிவப்பு. ‘குல்-ஏ-ஷா ரெட்’ நல்ல சிவப்பு. ஆனால் புளிப்பு, விதையும் கடினம். ராகுரி விவசாயப் பல்கலைக்கழகத்தில் இவ்விரண்டையும் கலந்து பெற்ற வழித்தோன்றல்களே ‘மிருதுளா’வும் ‘பக்வா’வும். மிருதுளாவின் முத்துகள் கருஞ்சிவப்பு, பழமோ சிறியது. பக்வா முதிர ஏறத்தாழ 180 நாட்கள் எடுக்கும். எனினும் தடித்த தோலுடையதால் தூரப் பயணத்தைத் தாங்கும். ஏற்றுமதியில் அது முந்தியதற்குச் சுவை மட்டுமல்ல, இந்தத் தோலும் காரணம்.

அந்தச் சிவந்த பழத்தை உண்டுவிட்டு விதையை முற்றத்தில் நடுவோர் நம்மில் பலர். ஆண்டுக் கணக்கில் நீரூற்றிய பின் புளித்த, கடின விதைப் பழம் கிடைத்தால் மண்ணைக் குறை சொல்வோம். பிழை மண்ணிலல்ல. விதையிலிருந்து வரும் கன்று தாயின் குணங்களை அப்படியே கொண்டிருப்பதில்லை. கலப்பில் பிறந்த இனங்களில் இந்த வேறுபாடு இன்னும் அதிகம். வெட்டுத்துண்டிலிருந்தோ வான்பதியிலிருந்தோ பெற்ற கன்றே தாயை ஒத்திருக்கும்.

இடமும் முக்கியம். வெயிலும் வரட்சியும் மாதுளைக்கு உகந்தவை; புத்தளம், யாழ்ப்பாணம் போன்ற பகுதிகள் அதற்கேற்றவை. நீண்ட வரட்சிக்குப் பின் திடீரென மழை பெய்தால் முதிர்ந்த பழம் வெடித்துவிடும். எனவே காய் பருக்கும் காலத்தில் சீராக நீரூற்றுங்கள்.

கன்று வாங்கும்போது தாய் மரம் எதுவென்று கேளுங்கள். முடிந்தால் அதன் பழமொன்றை வாங்கிப் பிளந்து, முத்துகளைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.