எழுபத்தாறு ஆண்டுகளின் பின் எழுந்த தூண்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குக் கரையிலே மசச்சுசெற்ஸ் என்னும் மாநிலம் உள்ளது. அதன் தலைநகராகிய பொஸ்டனிலிருந்து வடமேற்குத் திசையிற் சென்றால் அக்டன் என்னும் சிற்றூரை அடையலாம். ஊரின் நடுவே பசும்புல் வெளியொன்றிலே 75 அடி உயரமான கருங்கல் தூண் ஒன்று நிமிர்ந்து நிற்கின்றது. அதன் அடியிலே மூன்று மனிதரின் எலும்புகள் அடக்கம் செய்யப்பட்டுள்ளன. ஒருவன் துப்பாக்கி செய்யும் கம்மியன். இன்னொருவன் ஊர் இளைஞன். மற்றவன் பள்ளி ஆசிரியன். மூவரும் குண்டுபட்டு வீழ்ந்தது 1775ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 19ஆம் நாள். தூண் எழுந்ததோ 1851ஆம் ஆண்டில். இடைப்பட்ட எழுபத்தாறு ஆண்டுகளில் அவர்களின் பெயரைக் காத்தது எது? அக்கதையை இங்கே காண்போம்.

அமெரிக்கா அக்காலத்திற் பிரித்தானியாவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தம்மைக் கேளாது விதித்த வரிகளை எதிர்த்து மக்கள் கொதித்தெழுந்தனர். ஊர்கள்தோறும் உழவரும் தொழிலாளரும் படைப் பயிற்சி பெற்றனர். அழைப்புக் கிடைத்த ஒரு நிமிடத்திற் புறப்பட ஆயத்தமாயிருந்தமையால் அவர்களுக்கு ‘நிமிட வீரர்’ என்ற பெயர் வழங்கிற்று. அக்டன் ஊரார் 1774ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இத்தகைய அணி ஒன்றை அமைத்து, ஐசக் டேவிஸ் என்பவனைத் தலைவனாகத் தெரிந்தெடுத்தனர்.

டேவிஸ் துப்பாக்கி செய்வதிற் கைதேர்ந்தவன். தன் கைத்தொழிலையே ஊரின் காவலாக மாற்றினான். வீட்டின் பின்புறத்தில் குறிபார்த்துச் சுடும் களம் ஒன்றை அமைத்து அணியினரைப் பழக்கினான். அவர்களின் துப்பாக்கி முனைகளிற் பொருத்தக் குத்தீட்டிகளும், விரைந்து மீண்டும் சுடுவதற்கு வேண்டிய தோட்டாப் பெட்டிகளும் கிடைக்கச் செய்தான். அயலூர் அணிகள் பலவற்றிற்கு இவ்வசதி இருக்கவில்லை.

ஏப்பிரல் 19ஆம் நாள் விடியுமுன்னே செய்தி வந்தது. பொஸ்டனிலிருந்து பிரித்தானியப் படையினர் ஏறக்குறைய எழுநூறு பேர், கொன்கோட் என்னும் ஊரிற் சேமித்து வைத்திருந்த ஆயுதங்களைக் கைப்பற்ற வருகின்றனர் என்பதே அச்செய்தி. வரும் வழியில் லெக்சிங்டன் என்னும் ஊரிலே எட்டுப் பேர் அவர்களின் குண்டுகளுக்கு இரையாயினர்.

டேவிஸுக்கு அப்போது முப்பது வயது. வீட்டிலே நான்கு பிள்ளைகளும் நோயுற்றுக் கிடந்தனர். கடைக்குட்டிக்கு ஒன்றரை வயதும் நிரம்பவில்லை. முற்றத்தில் ஏறக்குறைய நாற்பது வீரர் வந்து கூடினர். அவன் அதிகம் பேசவில்லை. வாயில் வரை சென்றவன் எதையோ சொல்ல நினைத்தவன் போலத் திரும்பினான். “பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்” என்று மட்டும் மனைவி ஹன்னாவிடம் கூறிவிட்டுப் படையை நடத்திச் சென்றான்.

கொன்கோட்டின் வடபாலத்துக்கு அருகே மேட்டு நிலம் ஒன்றில் நானூறு பேரளவில் ஊர்ப்படையினர் திரண்டு நின்றனர். பாலத்தை நூறு பேரளவிலான பிரித்தானியப் படையினர் காத்து நின்றனர். ஊருக்குள்ளிருந்து புகை எழுவதைக் கண்டதும், தம் வீடுகளை எரிக்கின்றனரோ என்று மக்கள் பதைத்தனர். பாலத்தை நோக்கி முன்செல்வதென முடிவாயிற்று. முன்வரிசையிற் செல்பவர் யார் என்ற வினா எழுந்தபோது, போக அஞ்சுபவன் ஒருவனும் தன் அணியில் இல்லை என்று டேவிஸ் விடை பகர்ந்தான். குத்தீட்டிகள் இருந்தமையாலேயே அக்டன் அணிக்கு முதலிடம் கிடைத்தது என்பர்.

எதிரி சுடும்வரை சுடக்கூடாது என்பது கட்டளை. அதனை மீறாது அணி முன்சென்றது. பிரித்தானியர் சுட்டனர். நெஞ்சிற் குண்டு பாய்ந்து டேவிஸ் அவ்விடத்திலேயே மாண்டான். அவனுடன் வந்த அப்னர் ஹொஸ்மரும் வீழ்ந்தான். பின்னரே ஊர்ப்படையினர் திருப்பிச் சுட்டனர், பிரித்தானியர் பின்வாங்கினர். அன்று பிற்பகல், பொஸ்டனுக்கு மீண்ட படையினரைத் துரத்திச் சென்றோரில் ஆசிரியனான ஜேம்ஸ் ஹேவாட்டும் ஒருவன். காலில் விரல்களை இழந்திருந்தமையால் படைக்கு வரவேண்டிய கடமை அவனுக்கு இல்லை. ஆயினும் தானாகவே வந்தான். லெக்சிங்டனில் ஒரு கிணற்றருகே அவனும் பிரித்தானியப் படைஞன் ஒருவனும் நேருக்கு நேர் சந்தித்து, ஒரே கணத்தில் ஒருவரையொருவர் சுட்டனர். இருவரும் அதனால் மாண்டனர்.

காலையில் வாயிலைத் தாண்டிச் சென்ற கணவனின் உடலை மாலையில் ஹன்னாவின் வீட்டிற்கே தூக்கி வந்தனர்.

போர் முடிந்தது, நாடு விடுதலை பெற்றது. ஆனால் புகழைப் பங்கிடுவதிலே பிணக்கு முளைத்தது. அக்டன் ஒரு காலத்திற் கொன்கோட்டின் ஒரு பகுதியாக இருந்து, 1735ஆம் ஆண்டிலே தனியூரானது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் காணிக்கு வழக்காடுவது போல, அன்றைய வீரத்தில் எவர் பங்கு எவ்வளவு என்று இரண்டு ஊர்களும் வழக்காடின. கொன்கோட் ஊரார் 1836ஆம் ஆண்டிலே பாலத்தருகே தூண் ஒன்றை எழுப்பினர். அது நின்றதோ, பிரித்தானியர் நின்ற கரையில்! 1835ஆம் ஆண்டில் வெளிவந்த கொன்கோட் வரலாற்று நூல் தம் தலைவனுக்கு உரிய இடத்தைத் தரவில்லை என்றும் அக்டன் மக்கள் மனம் வருந்தினர்.

அதே ஆண்டில் அக்டனிலே, அப்போரைக் கண்ட முதியவர்களிடம் சத்தியக் கூற்றுகள் பெறப்பட்டன. அவர்களுள் ஒருத்தி ஹன்னா. மறுமணம் புரிந்து, வேறு குடும்பப் பெயர் தாங்கி, எண்பத்தொன்பது வயதை எட்டியிருந்தாள். அறுபது ஆண்டுகளுக்கு முந்திய அக்காலைப் பொழுதை ஒன்றும் விடாது கூறினாள்: நோயுற்ற பிள்ளைகள், கணவனின் வாடிய முகம், வாயிலில் அவன் திரும்பிய விதம், அவன் சொன்ன அவ்வொரு வாக்கியம். இன்று நாம் அறிந்த டேவிஸ் பெரும்பாலும் அம்மூதாட்டியின் வாய்மொழியில் வாழ்பவனே.

பின்னர், அக்டன் திருச்சபையின் குருவும் மாநிலச் சட்டசபை உறுப்பினருமான ஜேம்ஸ் வூட்பெரி சபையிலே வாதாடினார். மாநிலம் 2,000 டொலரும் ஊர் 500 டொலரும் வழங்கின. மூவரின் எச்சங்களும் பழைய இடுகாட்டிலிருந்து எடுத்து வரப்பெற்று, 1851ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் தூண் திறந்து வைக்கப்பட்டது. ஹன்னா அதனைக் காண உயிரோடு இருக்கவில்லை.

1875ஆம் ஆண்டிலே கொன்கோட் ஊராரும் பாலத்தின் மறுகரையில், டேவிஸ் வீழ்ந்த பக்கத்தில், வெண்கலச் சிலை ஒன்றை நிறுவினர். டானியல் செஸ்டர் பிரெஞ்சு என்ற இளஞ்சிற்பி செய்தது அது. உழவன் ஒருவன் கலப்பையை விட்டுத் துப்பாக்கியுடன் அடியெடுத்து வைக்கின்றான். சிலைக்கு டேவிஸின் பெயர் இடப்படவில்லை. ஆயினும் அவனை மனத்திற் கொண்டே அது வடிக்கப்பட்டது என்பர்.

ஏப்பிரல் மாதத்திலே கொண்டாடப்படும் தேசபக்தர் தினத்தன்று அக்டன் மக்கள், அவன் வீட்டிலிருந்து பாலம் வரை அவன் படை நடத்திய வழியே நடந்து செல்வது வழக்கம். அவ்வழி 1972ஆம் ஆண்டில் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டிலும் இடம்பெற்றது.

நம் வீடுகளிலும் முதியவர்கள் இருக்கின்றனர். அவர்கள் கண்டதைக் கேட்டு எழுதி வைத்தவர் எத்தனை பேர்? அக்டனில் தூணுக்குப் பணம் தந்தவர் பலர். கல் சுமந்தவர் பலர். ஆனால் அத்தூணுக்குப் பொருள் தந்தது, அறுபது ஆண்டுகள் ஒரு வாக்கியத்தை நெஞ்சிலே சுமந்திருந்த ஒரு தாயின் நினைவே. அவளிடம் கேட்க ஒருவர் வந்தபோது சொல்ல அவள் இருந்தாள். அதனாலேயே கல்லும் பேசுகின்றது.