கேரியரில் வரும் பட்டப்படிப்பு: இக்னோ எப்படி இயங்குகிறது?

பந்தியில் பரிமாறுகிறவருக்கு இலையைப் பார்த்தாலே போதும். யாருக்குச் சாம்பார் வேண்டும், யார் பொரியலைத் தொடவில்லை என்று தெரிந்துவிடும். வகுப்பாசிரியரும் அப்படித்தான்; முகத்தைப் பார்த்தே மறுபடி விளக்குவார். கேரியரில் சாப்பாடு கட்டி அனுப்புகிறவருக்கு அந்த வசதி இல்லை. மத்தியானம் திறக்கும்போது எது குறையும் என்பதைக் காலையிலேயே யோசித்தாக வேண்டும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ செய்வது இந்தக் கேரியர் சமையலைத்தான்.

அடுப்பு மூட்டிய கதை

இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வியை 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. ஆனால் அது பந்திக்குச் சமைத்ததையே பொட்டலம் கட்டி அனுப்பிய முறை. தொலைவில் இருப்பவருக்காகவே சமைக்கும் தனிச் சமையற்கட்டு, 1982-இல் ஆந்திரத்தில் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோடு வந்தது. அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி. 1985-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் இக்னோ பிறந்தபோது, அதற்கும் அவரே முதல் துணைவேந்தரானார். 1987-இல் மேலாண்மை, தொலைநிலைக் கல்வி என்ற இரண்டு டிப்ளமோக்களும் 4,528 மாணவர்களுமாகப் பாடம் தொடங்கியது.

கட்டும் முறை

பாடப்புத்தகத்தைத் திறந்தால் யோசனை புரியும். ஒவ்வொரு அலகின் தொடக்கத்திலும் எதைக் கற்கப்போகிறோம் என்ற குறிப்பு; நடுநடுவே கேள்விகள்; கடைசியில் விடைகள். ‘இன்னும் கொஞ்சம் வேண்டுமா?’ என்று கேட்க ஆள் இல்லாததால், அந்தக் கேள்வியையே டப்பாவில் வைத்து அனுப்புகிறார்கள். எவ்வளவு நேரம் படிக்க வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு: பாடத்தின் எடையைக் குறிக்கும் கிரெடிட் ஒன்றுக்கு 30 மணி நேரம்.

திரும்பி வரும் டப்பாதான் அசைன்மென்ட். எது மிச்சம், எது பிடிபடவில்லை என்று அதில் தெரியும். திருத்துகிறவர் குறிப்பெழுதி அனுப்ப வேண்டும். பெரும்பாலான படிப்புகளில் அசைன்மென்ட்டுக்கு 30 விழுக்காடு மதிப்பெண், பருவத் தேர்வுக்கு 70. மூன்றாண்டுப் பட்டப்படிப்பை முடிக்க ஆறாண்டு வரை அவகாசம் தந்தது இந்த முறை. ஷிப்ட் வேலைக்குப் போகிறவரும், கைக்குழந்தையோடு இருப்பவரும் தங்களுக்குப் பசிக்கும் நேரத்தில் சாப்பிட முடிகிறது. தொலைநிலைக் கல்வியின் பெரிய அறம் இதுவே.

சமையற்கட்டைச் சோதிப்பவர் யார்?

சாப்பிடுகிறவர் சமையற்கட்டைப் பார்ப்பதில்லை. அவர் சார்பில் யாராவது உள்ளே போய்ப் பார்த்தாக வேண்டும்; அங்கீகாரம் என்பது அதுதான். அது மூன்று அடுக்கு.

முதல் அடுக்கு, கடை நடத்தும் உரிமை. பட்டம் வழங்கும் அதிகாரம் சட்டத்திலிருந்து வர வேண்டும். இக்னோவுக்கு அது 1985-ஆம் ஆண்டுச் சட்டம்.

இரண்டாவது, எந்தப் பண்டம் செய்யலாம் என்ற அனுமதி. 1991 முதல் இதைக் கவனித்த தொலைநிலைக் கல்விக் குழு இக்னோவின் கீழேயே இருந்தது. சமைப்பவரே மற்றவர் சமையலையும் சோதிக்கும் அந்த ஏற்பாடு 2013-இல் முடிந்து, பொறுப்பு பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசிக்குப் போனது.

மூன்றாவது, தரச்சான்று. தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழுவான ‘நாக்’ 2021-இல் இக்னோவுக்கு ஏ++ தரம் தந்தது.

இரண்டாவது அடுக்கில் ஓட்டை விழுந்தால் அடிபடுவது மாணவர்தான். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் நடத்திய பொறியியல் படிப்புகள் பற்றி 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்து பெற்ற பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. வேலையில் பல ஆண்டுகள் கழித்தவர்களும் மறுபடி தேர்வெழுத நேர்ந்தது.

ஆகவே எந்தப் பல்கலைக்கழகமானாலும் கட்டணம் கட்டுமுன் யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்பும், சேரும் பருவமும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். இருந்தால் தயங்க வேண்டாம்: விதிப்படி பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்கு இணையானது என்று 2022-இல் யுஜிசி தெளிவாக அறிவித்திருக்கிறது. வேலை முடிந்து வந்து கண்விழித்துப் படித்தவருக்கு அந்தச் சமமதிப்பு சலுகை அல்ல, உரிமை.