பின்னணியப் பலகையின் சாய்வும் அதனை அளக்கும் முறையும்

நமது வடபுலக் கடலோரங்களில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகளே இன்று பெருந்தொகையான குடும்பங்களின் பிழைப்புக்கு ஆதாரமாக உள்ளன. இவற்றுட் பல மண்ணெண்ணெயில் ஓடுவன. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, எரிபொருள் எங்கே வீணாகின்றது என்ற வினா ஒவ்வொரு துறையிலும் எழுந்தது. அவ்வினாவுக்குரிய விடைகளுள் ஒன்றை, பலரும் கருத்திற் கொள்ளாத ஒன்றை, இங்கு ஆராய முற்படுகின்றோம்.

இயந்திரத்தைத் தாங்கும் பின்னணியப் பலகை நிலைக்குத்தாக அமைவதில்லை. அதன் மேல்விளிம்பு சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். பெரும்பாலான வெளியிணைப்பு இயந்திரங்கள் ஏறத்தாழ 12 பாகைச் சாய்வினை எதிர்பார்த்தே ஆக்கப்படுகின்றன. அச்சாய்வு இருப்பின் இயந்திரத்தின் கால் நேராக நிற்கும். சுழல்விசிறியின் அச்சு படகின் அடிக்கு இணையாக அமையும்.

சாய்வு குறையின் காலின் கீழ்முனை பின்னோக்கி விலகும். உதைப்பு பின்னணியத்தைக் கீழே அமிழ்த்தி, அணியத்தை மேலெழச் செய்யும். சாய்வு மிகையாயின் கால் படகின் அடியை நோக்கி ஒடுங்கும். அணியம் தாழ்ந்து அலையை உழும். 100 கிலோ உதைப்பில் 4 பாகை பிழைத்தால் முன்னோக்கிய உதைப்பிற் குறைவது நூற்றுக்குக் காற்பங்கே. ஆயின் ஏறக்குறைய 7 கிலோ விசை மேலாகவோ கீழாகவோ படகின் கடைக்கோடியில் ஓயாது செயற்படும். அதனாற் படகின் கிடக்கை மாறுகின்றது. நீரின் தடை கூடுகின்றது. எனவே இழப்பு நிகழ்வது இயந்திரத்திலன்று, படகின் ஓட்டத்திலேயாம்.

இனி அளக்கும் முறையைக் காண்போம். தூக்குக்குண்டு, அளவுகோல், நேரான நீண்ட சட்டம், நீர்மட்டம் ஆகியன போதும். பலகையின் மேல்விளிம்பின் நடுவிலிருந்து, அதன் வெளிப்புறமாக, தூக்குக்குண்டைத் தொங்கவிடுக. நூலில் மேல்விளிம்பிலிருந்து 40 சென்ரிமீற்றர் கீழே ஓர் அடையாளமிட்டு, அவ்விடத்தில் நூலுக்கும் பலகைக்கும் இடையேயுள்ள கிடைத்தூரத்தை அளக்க வேண்டும். அது 11.5 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். 11.5ஐ 40ஆல் வகுக்க 0.2875 வரும், இப்பெறுமானத்தைத் தான்சனாக உடைய கோணம் ஏறத்தாழ 16 பாகை.

பலரும் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். பிழை பிறப்பதும் இங்குதான். தூக்குக்குண்டு காட்டுவது புவியைச் சார்ந்த சாய்வினை. நமக்கு வேண்டியதோ படகின் அடியைச் சார்ந்த சாய்வு. கரையேற்றிய படகின் அணியம் பெரும்பாலும் மேட்டுப்பக்கமாகவே கிடக்கும். ஆதலால் ஏராவின் பின்பகுதியோடு ஒட்டிச் சட்டத்தைப் பிடித்து, 2 மீற்றர் நீளத்தில் அது எவ்வளவு உயர்கின்றது என்பதை நீர்மட்டத்தின் துணையுடன் அறிதல் வேண்டும். அணியப் பக்கம் 14 சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தால், 14ஐ 200ஆல் வகுக்க வரும் 0.07 ஏறத்தாழ 4 பாகையைக் குறிக்கும். இதனை 16இலிருந்து கழிக்க, உண்மையான சாய்வு 12 பாகையாகும். அணியப் பக்கம் தாழ்ந்திருப்பின் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டவேண்டும். படகின் மேல்விளிம்பு வளைந்து செல்வதால் அதனை ஆதாரமாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஏராவின் முன்பகுதியும் மேல்நோக்கி வளைவதால் அதுவும் உதவாது.

40 சென்ரிமீற்றர் ஆழத்தில் 7 மில்லிமீற்றர் தவறினால் ஒரு பாகை பிழைக்கும். ஆகவே காற்றில் நூல் ஆடாதவாறு குண்டினை நீர்நிறைந்த வாளியில் அமிழ்த்தி, மும்முறை அளந்து சராசரி காண்பது நன்று. நடுவில் மட்டுமன்றி இருபக்கங்களிலும் அளந்தால் பலகை முறுகியுள்ளதா என்பதும் புலனாகும்.

பெற்ற அளவு 12 பாகையிலிருந்து சிறிதே வேறுபடின், இயந்திரத் தாங்கியிலுள்ள சாய்வு ஆணியை அடுத்த துளைக்கு மாற்றினாற் போதும். சாய்வு மிகக் குறைந்து, உட்புறத்துக் கடைசித் துளையும் உதவாதெனின், தாங்கிக்கும் பலகைக்கும் இடையே ஆப்புவடிவப் பலகை வைத்தல் வேண்டும். 35 சென்ரிமீற்றர் உயரத்தில் 4 பாகையைத் திருத்த, மேல்முனையிற் சுமார் 2.5 சென்ரிமீற்றர் தடிப்பும் கீழ்முனையிற் கூர்மையும் கொண்ட ஆப்பு தேவை. இதனை ஓடாவியர் எளிதிற் செதுக்கித் தருவர். துளையிட்டு ஆணி முடுக்கிய பின்னர் இத்திருத்தம் செய்வது பலகையைப் பலவீனப்படுத்தும்; பழைய துளைகள் வழியே நீர் உட்புகவும் இடமாகும்.

இறுதித் தீர்ப்பு கடலுக்கே உரியது. வழமையான வலைச்சுமையும் ஆட்களும் ஏறிய நிலையில் ஒருமுறை ஓடிப்பார்த்தே ஆணியின் இடத்தை உறுதிசெய்தல் வேண்டும். ஆயினும் கரையில் அளந்து அறிந்தவர் கடலில் ஒரு துளையையே மாற்ற நேரிடும். அளவாதவரோ எரிபொருளைச் செலவிட்டே அதனைத் தேடுவர். ஒரு நூலும் ஒரு குண்டும் கால்மணி நேரப் பொறுமையும் இச்செலவைத் தவிர்க்கவல்லன என்பதே நாம் வற்புறுத்த விரும்புவதாகும்.